பத்தாயிரம் ரூபாயை எதில் போடுவது: ஏபிஎஸ், ஹெல்மெட், டயர், ஜாக்கெட்

போன மாதம் அண்ணன் மகன் ஷோரூமிலிருந்தே போன் செய்தான். "சித்தப்பா, பைக் முடிவாயிடுச்சு. சாதாரண மாடலா, ஏபிஎஸ் மாடலான்னுதான் தெரியல. கையில கூடுதலா பத்தாயிரம் இருக்கு. அதை ஏபிஎஸ்ல போடவா, இல்ல நல்ல ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வாங்கவா?" பக்கத்தில் விற்பனையாளர் மாதத் தவணைக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. "கையெழுத்துப் போடாம வீட்டுக்கு வா, சாயங்காலம் பேசலாம்" என்றேன்.

ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நின்றுபோய்ச் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. அன்று அவனிடம் பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை அலுவலகத்தில் இரண்டு பேர், தெருவில் ஒருவர் என்று பலரும் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கையிருப்பு எல்லோருக்கும் கிட்டத்தட்ட அதே பத்தாயிரம்தான். எல்லாவற்றையும் வாங்க அது போதாது. அதனால் எதை முதலில், எதைப் பிறகு என்று வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது.

## முதலில், நாம் எதனால் விழுகிறோம்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'அதிவேகம்' என்று எழுதியிருக்கும். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பல விஷயங்கள் மறைந்துகொள்கின்றன. என் அனுபவத்தில் அதை நான்காகப் பிரிக்கலாம்.

ஒன்று, குறுக்கே வருபவர். நமக்கு வழி இருக்கிறது என்று நேராகப் போய்க்கொண்டிருப்போம். எதிரே வரும் கார் வலது பக்கம் திரும்பிவிடும், அல்லது சென்டர் மீடியன் இடைவெளியிலிருந்து ஆட்டோ நுழைந்துவிடும். நான்குவழிச் சாலையில் யூ டர்னுக்குச் சோம்பல்பட்டு எதிர்த்திசையிலேயே வருபவர்களும் இதில் சேர்த்தி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். பழைய அறிக்கைதான், சாலைகளும் வேறு. ஆனாலும் அதில் இருக்கும் ஒரு விஷயம் இன்றும் பொருந்தும்: விபத்தைத் தவிர்க்க ஓட்டுபவருக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு.

இரண்டு, பிரேக் பிடிக்கும்போது சறுக்குவது. பயத்தில் காலை அழுத்தமாக மிதிக்கிறோம், பின் சக்கரம் நின்றுவிடுகிறது, வண்டி பக்கவாட்டில் போகிறது.

மூன்று, சாலை. வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை, லாரியிலிருந்து கொட்டிய எம்-சாண்ட், மழைத் தண்ணீர் மூடிய பள்ளம். டெல்டா பக்கம் அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல்லோ உளுந்துச் செடியோ காயும். இரவில் அதைச் சுற்றி அடுக்கிய கற்கள் தெரியாது.

நான்கு, ஓட்டுபவரே. போதை, தூக்கம், தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிய போன். இந்த நான்காவதைச் சரிசெய்யும் பொருள் எந்தக் கடையிலும் இல்லை. இதற்குக் கீழே நான் எழுதுவதெல்லாம் நிதானமாக, விழிப்போடு ஓட்டுகிறவருக்குத்தான் பயன்படும்.

## எதை வைத்து அளக்கலாம்?

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன காரணங்களில் இது எதைத் தடுக்கிறது, அல்லது விழுந்தபிறகு எதைக் காக்கிறது? பதற்றத்தில் நான் தவறு செய்தாலும் இது தன் வேலையைச் செய்யுமா? பில்லில் வராத செலவு என்ன? பின்னால் உட்காருபவருக்கும் பயன்படுமா?

நான்காவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் பைக் என்பது பெரும்பாலும் இரண்டு பேர் வண்டி, சில நேரம் நான்கு பேர் வண்டி.

## ஹெல்மெட்

2022-ல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். யாரோ ஒருவரை நம்பி ஏறியவர்கள் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2008-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, ஹெல்மெட் உயிரிழக்கும் அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. நான் பட்டியலிடும் வேறு எந்தப் பொருளுக்கும் இவ்வளவு உறுதியான சாட்சி கிடையாது.

எந்த வகை என்பதில் எனக்கு ஒரே பதில்தான்: முகத்தையும் தாடையையும் மூடும் முழு ஹெல்மெட். 2019-ல் கும்பகோணம் சாலையில், ஒரு வாய்க்கால் பாலத்தை அடுத்த வளைவில் விழுந்தேன். முதல் மழை பெய்த காலை. மணல் கொட்டியிருந்தது, கால் பிரேக்கைத்தான் மிதித்தேன். அன்று போட்டிருந்த ஹெல்மெட் இன்னும் பீரோ மேல் இருக்கிறது. தாடைப் பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் போய், உள்ளே இருக்கும் சாம்பல் நிறம் தெரியும். கல் இழுத்த கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். அந்த இடத்தில் அரை ஹெல்மெட்டில் ஒன்றுமே இருக்காது. யாராவது என்னிடம் "அரை ஹெல்மெட் காத்தோட்டமா இருக்கே" என்று சொன்னால் அதை எடுத்துவந்து கையில் கொடுத்துவிடுவேன்.

முகப்பைத் தூக்கிவிடும் மாடுலர் வகை, கண்ணாடி போடுபவர்களுக்கும் அடிக்கடி நின்று பேச வேண்டியவர்களுக்கும் வசதி. எடை கொஞ்சம் கூடுதல், கீல் இருப்பதால் விலையும் கூடுதல். வாங்கினால் ஓட்டும்போது மூடியே வைக்க வேண்டும்.

2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் விற்பதே குற்றம். ஐஎஸ் 4151 என்பது அதன் தரக் குறியீடு. முத்திரை ஸ்டிக்கரைப் போலியாக ஒட்டுவது கஷ்டமில்லை என்பதால், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டும். ரோட்டோரக் குடையின் கீழ் முன்னூறு ரூபாய்க்குக் கிடைப்பது போலீஸ்காரரை மட்டும்தான் சமாளிக்கும். நல்ல ஐஎஸ்ஐ முழு ஹெல்மெட் 1,200 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. ஐரோப்பிய ஈசிஇ 22.06 தரச்சான்றும் சேர்ந்தது வேண்டுமென்றால் நான்கைந்தாயிரத்திலிருந்து தொடங்கும். இந்தச் சான்றில் தலை சாய்வாக மோதி முறுக்கிக்கொள்வதையும் சோதிக்கிறார்கள் என்பது பெரிய கூடுதல். ஆனால் ஐந்தாயிரத்துக்கு ஒன்று வாங்கி, மனைவிக்குப் பழைய அரை ஹெல்மெட்டைக் கொடுப்பதற்குப் பதில், இரண்டாயிரத்துக்கு இரண்டு வாங்குவதுதான் சரி.

அளவு சரியா என்று கடையிலேயே பாருங்கள். போட்டதும் கன்னம் லேசாக அமுங்க வேண்டும். ஹெல்மெட்டை இடவலமாகத் திருப்பினால் கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். ஸ்ட்ராப்பைப் பூட்டிவிட்டு, பின்பக்கத்தை மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் விபத்திலும் கழன்றுவிடும். ஸ்ட்ராப் போடாத ஹெல்மெட்டும் அப்படித்தான், தலைக்கு முன்னால் அது பறந்துவிடும்.

மறைவான செலவுகள்: வைசர் (முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி) கீறிவிட்டால் இரவில் எதிர் வெளிச்சம் நட்சத்திரமாய்ச் சிதறும். அதை மாற்ற முன்னூறு நானூறு ஆகும், தள்ளிப்போடக் கூடாது. ஒரு தரம் பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற பகுதி நசுங்கிவிடும். வெளியே ஓடு முழுசாகத் தெரிந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. அடிபடாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. அப்புறம் வேர்வை. உள்துணியைக் கழற்றித் துவைக்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால் இந்த ஊர் வெயிலில் போடாமல் இருக்க ஒரு சாக்குக் குறையும்.

## ஏபிஎஸ் மாடல்

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குகளிலும் ஏபிஎஸ் கட்டாயம். அந்த விதிப்படி 125 வரை சிபிஎஸ் (இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு) இருந்தால் போதும். எல்லா இருசக்கர வாகனங்களுக்கும் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிப்பு 2025-ல் வந்தது. இப்போதைக்கு இந்தத் தெரிவு இரண்டு இடங்களில் வருகிறது. சில 125 சிசி மாடல்களில் சிபிஎஸ், ஏபிஎஸ் என்று இரண்டு வேரியண்ட் இருக்கும். 150, 160 சிசியில் ஒரு சேனலா (முன் சக்கரத்துக்கு மட்டும்), இரண்டு சேனலா (இரண்டு சக்கரத்துக்கும்) என்ற கேள்வி இருக்கும். வித்தியாசம் மாடலைப் பொறுத்து நான்காயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்கு மேலும் போகும்.

இரண்டும் செய்வது வேறு வேறு வேலை என்பதை விற்பனையாளர்கள் தெளிவாகச் சொல்வதில்லை. சிபிஎஸ் என்பது பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கையும் கொஞ்சம் பிடித்துத் தரும். சக்கரம் நின்றுபோவதை அது தடுக்காது. ஏபிஎஸ் சக்கரத்தின் சுழற்சியை சென்சார் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்து, நிற்கப்போகிறது என்றால் பிரேக்கை நொடிக்குப் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கும். ஐரோப்பாவில் 2015-ல் வெளியான ஒரு ஆய்வில் ஏபிஎஸ் உள்ள பைக்குகளில் காயம் ஏற்படுத்தும் விபத்துகள் இத்தாலியில் 24 சதவீதமும் ஸ்பெயினில் 29 சதவீதமும் ஸ்வீடனில் 34 சதவீதமும் குறைந்திருந்தன. நான் இந்த எண்களை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரமாட்டேன். அங்கே ஓடுவது பெரும்பாலும் பெரிய பைக்குகள், இரண்டு சக்கரத்திலும் ஏபிஎஸ் உள்ளவை.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நம் ஊரில் விலை குறைந்த மாடல்களில் வருவது ஒரு சேனல் ஏபிஎஸ், அதாவது முன் சக்கரத்துக்கு மட்டும். நம்மில் பாதிப் பேருக்கு மேல் முன் பிரேக்கையே தொடுவதில்லை. "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுந்துடுவ" என்று சொல்லித்தான் அப்பாவோ மாமாவோ வண்டி கற்றுக்கொடுத்தார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். காலை மட்டும் மிதிக்கிறவருக்கு ஒரு சேனல் ஏபிஎஸ் வாங்கிக் கொடுத்தால் அது ஒரு தரம்கூட வேலை செய்யாமல் இருக்கும். பின் சக்கரம் எப்போதும்போல நின்று சறுக்கும். அதனால் முன் பிரேக் பழக்கம் இருப்பவர் அல்லது அதைப் பழகத் தயாராக இருப்பவர் வாங்கினால்தான் அந்தக் காசு வீணாகாது. கால் பிரேக் பழக்கம் விடவே விடாது என்பவருக்கு இரண்டு சேனல்தான் சரி.

ஏபிஎஸ் எங்கே கைகொடுக்கும் என்றால், ஈரச் சாலையில் நேராகப் போகும்போது யாராவது குறுக்கே வந்தால். கொட்டிக் கிடக்கும் மணலிலும் ஜல்லியிலும் நிற்கும் தூரம் கூடலாம். வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ்ஸால் பெரிதாக உதவ முடியாது. என்னை விழவைத்த அந்த வளைவில் அது என்னைக் காப்பாற்றியிருக்குமா என்றால், பாதிதான் நம்புவேன்.

மறைவான செலவு: பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது சென்சார் வளையத்தை வளைத்துவிடுவார்கள், ஸ்பானர் எடுக்கும் முன்னரே சொல்லிவையுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், ஏனென்றால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாவி போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் உங்களிடம் இருப்பது சாதாரண பிரேக்தான்.

இந்த எல்லாவற்றையும் மீறி ஏபிஎஸ்ஸுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: பிறகு வாங்க முடியாது. ஹெல்மெட்டை அடுத்த மாதமும் வாங்கலாம். ஏபிஎஸ்ஸைப் பழைய வண்டியில் பொருத்த முடியாது. புது வண்டி வாங்குகிறவர் இதை மனதில் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

## டயரும் பிரேக்கும்

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை முதலில் படிக்கலாம். நான் விழுந்த அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பஞ்சர் கடைக்காரர் பின் டயரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இதுல ஆறு மாசத்துக்கு முன்னாடியே ஓட்டுறத நிறுத்திருக்கணும்." உள்ளங்கையில் தோல் உரிந்து எரிந்துகொண்டிருந்தது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயைத் தள்ளிப்போட்டதற்கு அது விலை.

டயரின் பக்கவாட்டில் டிடபிள்யூஐ என்று எழுதியிருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் சின்ன ரப்பர் மேடு இருக்கும். டயரின் மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்றியாக வேண்டும். வயதும் முக்கியம். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேல் இருக்கும் வரிகள்) நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடமான டயர் கல்லாகிவிடும், ஈரத்தில் பிடிக்காது. அதிகம் ஓடாத அப்பாவின் பழைய வண்டியை எடுத்து ஓட்டுபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

இரண்டு டயரும் மாற்ற மூன்றாயிரத்திலிருந்து ஐந்தாயிரம் வரை ஆகலாம். பின்பக்க டிரம் பிரேக்குக்கு ஷூ மாற்ற சில நூறு ரூபாய்தான். டியூப்லெஸ் போட முடிகிற சக்கரமாக இருந்தால் அதையே போடுங்கள். ஆணி குத்தினால் டியூப் டயர் சட்டென்று காற்றிழந்து வண்டி ஆடும், டியூப்லெஸ்ஸில் மெதுவாக இறங்கும்.

மறைவான செலவு என்று பார்த்தால் அரைநாள் வேலை கெடும். புது டயரின் மேல் வழுவழுப்பு இருக்கும், முதல் நூறு கிலோமீட்டருக்கு வளைவுகளில் அடக்கமாகப் போக வேண்டும். தோற்றத்துக்காகப் பெரிய சைஸ் போட்டுவிடாதீர்கள். ரிம்முக்குப் பொருந்தாத அகலத்தில் வண்டி திரும்புவதும் கெடும், மைலேஜும் குறையும். காற்றைப் பத்து நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் எவ்வளவு என்பது செயின் மூடியிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

என் நான்கு கேள்விகளுக்கும் நல்ல பதில் தருவது இதுதான். சறுக்குவதையும் சாலைக் கோளாறையும் சமாளிக்கும். நான் தப்புச் செய்தாலும் ரப்பர் தன் வேலையைச் செய்யும். பின்னால் இருப்பவரையும் சேர்த்தே காக்கும்.

## ஜாக்கெட், கையுறை, ஷூ

விழும்போது யாரும் யோசிப்பதில்லை, கை தானாக முன்னால் நீளும். அதனால் இந்த வகையில் நான் முதலில் வாங்கச் சொல்வது கையுறை. விரல் முட்டியில் பாதுகாப்பு உள்ளது ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும். அடுத்தது கணுக்காலை மூடும் ஷூ. வீட்டில் இருக்கும் ஷூவே போதும், செருப்போடு ஓட்டாமல் இருந்தால் சரி.

நல்ல ஜாக்கெட் என்றால் ஏழெட்டாயிரம் ஆகிவிடும். தோள், முழங்கை பேட்களில் ஐரோப்பிய சிஇ முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வெறும் ஸ்பான்ஞ்சை வைத்து விற்பதும் உண்டு. தார்ச்சாலையில் இழுபடும்போது தோலைக் காப்பது இதன் முக்கிய வேலை, எலும்புக்கும் ஓரளவு உதவும். ஆனால் லாரியிலோ கட்டைச்சுவரிலோ மோதினால் ஜாக்கெட்டிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும்போது அதற்குள் உடம்பு அவியும். வலைத்துணி ஜாக்கெட்டாக இருந்தால்கூட வண்டி ஓடும்போதுதான் காற்று வரும். ஐந்து கிலோமீட்டர் அலுவலகத்துக்கு வாங்கிய ஜாக்கெட் மூன்றாம் வாரமே கதவுக்குப் பின்னால் தொங்க ஆரம்பித்துவிடும். வெளியூர்ப் பயணம், தினம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை என்றிருப்பவர்களுக்கு இது அவசியப் பொருள். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

## பயிற்சி

செலவே இல்லை என்பதால் யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹர்ட் அறிக்கையில் விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ வீட்டாரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். நாமும் அப்படித்தான் கற்றோம்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலை, நல்ல பிரேக். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடுவார். 60-ல் வருபவருக்கு 36 மீட்டருக்கு மேல் வேண்டும், அது மூன்று பஸ் நீளம். 40-காரர் நின்ற அதே இடத்தை 60-காரர் கடக்கும்போது அவர் வேகம் இன்னும் 55 இருக்கும். அந்த 20 மீட்டரில் பெரும்பகுதி பிரேக் பிடிக்கும் முன் அந்த ஒரு நொடியிலேயே போய்விடுகிறது. ஜங்ஷன், மீடியன் இடைவெளி, நிற்கும் பஸ்ஸின் முன்பக்கம் ஆகிய இடங்களில் ஆக்ஸிலரேட்டரை விட்டு, விரலை முன் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டாலே அந்த நொடியில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆள் இல்லாத மைதானத்தில் அரைமணி நேரம் போதும். 20-ல் தொடங்கி, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்தி நிறுத்திப் பழக வேண்டும். பிறகு 30, அப்புறம் 40. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் மண் தரையில் இதைச் செய்யாதீர்கள், சிமென்ட் அல்லது தார்த்தரையாக இருக்கட்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு எதிராக | தோராயச் செலவு (ரூ.) | பில்லில் வராதது | பின்னால் இருப்பவருக்கு |
|---|---|---|---|---|
| முழு ஹெல்மெட் இரண்டு | விழுந்தபின் தலைக்காயம் | 2,400–5,000 | வைசர், ஐந்து வருடத்தில் மாற்றம் | ஆளுக்கொன்று இருந்தால் முழுப் பயன் |
| ஏபிஎஸ் மாடல் | நேர்சாலையில் திடீர் பிரேக், ஈரம் | 4,000–10,000+ | பிரேக் ஆயில், சென்சார், முன் பிரேக் பழக்கம் | பயன் உண்டு |
| டயர், பிரேக் | சறுக்கல், மழை, பஞ்சர் | 3,500–5,500 | அரைநாள், காற்றுச் சோதனை | பயன் உண்டு |
| கையுறை | கைக்காயம் | 1,500–2,000 | மழையில் நனைந்தால் காய நாளாகும் | இல்லை |
| ஜாக்கெட் | தோல் உரிதல், மூட்டுக்காயம் | 7,000+ | வெக்கை, போடாமல் விடுவது | இல்லை |
| பயிற்சி | குறுக்கே வருபவர், தவறான பிரேக் | 0 | ஞாயிறு காலை | பயன் உண்டு |

## யாருக்கு எது முதலில்?

புது வண்டி வாங்குகிறவர், 125 சிசி, ஏபிஎஸ் வித்தியாசம் ஐந்தாயிரத்துக்குள் என்றால் யோசிக்க வேண்டாம், ஏபிஎஸ்ஸும் இரண்டு ஐஎஸ்ஐ முழு ஹெல்மெட்டும். வித்தியாசமே பத்தாயிரம் என்றால் ஹெல்மெட் காசை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் எந்த மாடல் என்று பாருங்கள். தவணையில் வாங்குகிறவர்கள் ஏபிஎஸ் வித்தியாசத்தைத் தவணையில் ஏற்றி, ஹெல்மெட்டை ரொக்கத்தில் வாங்கலாம்.

ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டி வைத்திருப்பவருக்கு முதலில் டயர், பிரேக். அப்புறம் ஹெல்மெட்டின் வயது. மிச்சமிருந்தால் கையுறை.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு ஒரு தனிச் சொல். ஸ்கூட்டரின் சக்கரம் சின்னது, பள்ளத்தில் பைக்கைவிட ஆழமாக இறங்கும். அதனால் காற்று அளவும் டயரும் அவர்களுக்கு இன்னும் முக்கியம். புடவையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காமல் செருகிக்கொள்வதும் இதே வரிசையில் வரும். குழந்தையை முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போகும் வழக்கம் தயவுசெய்து வேண்டாம். பிரேக் பிடித்தால் குழந்தையின் முகம்தான் ஹேண்டில்பாரில் மோதும். நான்கு வயதுக்கு மேல் குழந்தைக்கும் சட்டப்படி ஹெல்மெட் உண்டு, சின்ன அளவில் கடைகளில் கிடைக்கிறது.

உணவு டெலிவரி செய்யும் தம்பிகள் நாளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலும் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு டயர் மற்றவர்களைவிடப் பாதிக் காலத்தில் தேயும். ஹெல்மெட்டுக்கு அடுத்தபடி நான் அவர்களுக்குச் சொல்வது ஹேண்டிலில் உறுதியான போன் ஹோல்டர். கையில் வைத்து மேப் பார்ப்பதை அது நிறுத்தும்.

இரவு ஷிப்ட் முடித்து நெடுஞ்சாலையில் திரும்புகிறவருக்கு நல்ல வைசர், ஜாக்கெட், பின்பக்கம் வண்டியிலும் ஹெல்மெட்டிலும் ஒளிரும் ஸ்டிக்கர். நின்றிருக்கும் லாரியின் பின்னால் மோதுவதுதான் அந்த நேரத்தின் பெரிய ஆபத்து. எதிர் வெளிச்சத்தில் கண் கூசினால் வேகத்தைக் குறைத்து இடப்பக்கக் கோட்டைப் பார்த்துப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

அண்ணன் மகனுடைய கணக்கு இப்படி முடிந்தது: ஏபிஎஸ் மாடலுக்குக் கூடுதலாக நான்காயிரத்து ஐந்நூறு, இரண்டு ஹெல்மெட் மூவாயிரத்து அறுநூறு, கையுறை ஆயிரத்து எழுநூறு. இருநூறு மிச்சம். ஜாக்கெட் தீபாவளி போனஸுக்குத் தள்ளிப்போனது. இரண்டாவது ஹெல்மெட்டை அண்ணியே கடைக்கு வந்து போட்டுப் பார்த்து எடுத்தார்.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தின் சிமென்ட் தளத்துக்குக் கூட்டிப்போனேன். முதல் நாள் இரவு மழை, தரையில் ஈரம் இருந்தது. முப்பதில் வந்து முன் பிரேக்கை அழுத்தினான். ஏபிஎஸ் இறங்கியதும் லீவர் விரலுக்கடியில் படபடவென்று துடித்தது, பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான். வண்டி நான் வைத்த செங்கல்லைத் தாண்டிப் போய் நின்றது. "என்னமோ உடைஞ்சிடுச்சுன்னு நினைச்சேன் சித்தப்பா" என்றான். "அதுதான் வேலை செய்யுது. துடிச்சாலும் விடாத" என்றேன். இரண்டாம் முறையும் விட்டான். நான்காம் முறை விடவில்லை. செங்கல்லுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நேராக நின்றது.